எல்லைப்புற அணைகளும் மலைச்சாலைகளும்: இடிந்தால் பொறுப்பு யாருடையது?



2022 செப்டம்பர் 21ஆம் தேதி அதிகாலையில், பாலக்காடு மாவட்டத்தில் உள்ள பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடுமதகு அடித்துச் செல்லப்பட்டது. மதகை ஏற்றி இறக்க உதவும் எதிர்எடையைத் தாங்கிய சங்கிலி அறுந்ததே காரணம். விநாடிக்குச் சுமார் 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. திருச்சூர் மாவட்டத்தின் கரையோர மக்கள் இரவோடிரவாக எச்சரிக்கப்பட்டனர். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கோவை, திருப்பூர் மாவட்ட விவசாயிகள் நம்பியிருந்த நீர் பல நாட்கள் வீணாக ஓடிற்று.

அணை இருப்பது கேரள மண்ணில். அதைக் கட்டியதும் இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், முல்லைப் பெரியாறு ஆகிய நான்கு அணைகளும் இந்த நிலையில் உள்ளவை. ஒரு மாநிலத்தின் பொறியாளர் கையெழுத்திட வேண்டும். மற்றொரு மாநிலத்தின் மக்கள் கீழே வாழ வேண்டும். ஆகவே கட்டுமானத்தின் உறுதியைப் பற்றிய கேள்வியும், அது தவறினால் சட்டப்படி யார் பொறுப்பு என்ற கேள்வியும் வேறெங்கையும் விட இங்கே கூர்மையாக எழுகின்றன.

சங்கிலி சொல்லும் செய்தி

பரம்பிக்குளத்தில் அணையின் உடல் உடையவில்லை, அடித்தளம் அசையவில்லை. உடைந்தது ஓர் இயந்திரப் பாகம். 2024 ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு கர்நாடகத்தின் துங்கபத்திரா அணையில் 19ஆம் எண் மதகு அடித்துச் செல்லப்பட்டதும் சங்கிலி அறுந்ததால்தான். 2018 ஆகஸ்ட் 22 அன்று திருச்சி முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் சரிந்தன. மூன்றும் வேறு வேறு ஆறுகளில், வேறு வேறு அரசுகளின் கீழ் நடந்தவை. எந்த இடத்திலும் அணைகட்டும் கலை தோற்கவில்லை. அன்றாடப் பராமரிப்பே தோற்றது.

புதிய கட்டுமானத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, பெருந்தொகை ஒப்பந்தம் உண்டு. சங்கிலியின் கண்ணிகளைச் சோதித்து எண்ணெய் இடுவதற்கு விழா எடுப்பார் இல்லை. நிதிநிலை சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது பராமரிப்புச் செலவு. மதகை இயக்கிய நிரந்தர ஊழியர் ஓய்வு பெற்றால், அந்த இடம் காலியாகவே விடப்படுகிறது அல்லது ஒப்பந்தத் தொழிலாளியிடம் ஒப்படைக்கப்படுகிறது. முப்பது ஆண்டுகளாக ஒரு மதகின் ஓசையைக் கேட்டே அதன் நோயை அறிந்த தொழிலாளியின் அறிவு எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. தாராளமயக் கொள்கையின் விலையை வேலை இழந்தவர்கள் மட்டும் கொடுப்பதில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உறங்குபவர்களும் கொடுக்கின்றனர்.

அணைப் பாதுகாப்புச் சட்டம் தருவதும் தராததும்

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. நீர் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலங்களின் அதிகாரத்தை மத்தியில் குவிக்கும் ஏற்பாடு இது என்ற எதிர்ப்பு நாடாளுமன்றத்தில் எழுந்தது. அந்த விமர்சனம் இன்றும் பொருந்தும். எனினும் சட்டம் நடைமுறையில் இருக்கும்போது அதன் உள்ளடக்கத்தை அறிந்திருப்பது கட்சி ஊழியர்களின் கடமை.

15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணைகளும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் குறிப்பிட்ட தன்மை கொண்டவையும் இச்சட்டத்தின் கீழ் வருகின்றன. ஒரு மாநிலத்தின் அணை மற்றொரு மாநில எல்லைக்குள் இருந்தால், அதற்கு மாநில அமைப்பின் இடத்தில் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே செயல்படும் என்கிறது 24ஆம் பிரிவு. மேலே கூறிய நான்கு அணைகளும் இதற்குள் அடங்கும். ஒவ்வோர் அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வகுக்கப்பட வேண்டும். சுயேச்சையான வல்லுநர் குழு முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு செய்ய வேண்டும். ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு அந்த முதல் மதிப்பீடு சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2026 டிசம்பர் இறுதிக்குள், முடிய வேண்டும்.

தண்டனைப் பிரிவுகளும் உள்ளன. அதிகாரியின் பணிக்கு இடையூறு செய்தாலோ உத்தரவுக்கு இணங்க மறுத்தாலோ ஓராண்டு வரை சிறை; அதனால் உயிரிழப்பு நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை. அரசுத் துறை தவறிழைத்தால் துறைத் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார்.

இவை அனைத்தும் அதிகாரிக்கும் அதிகாரிக்கும் இடையிலான ஏற்பாடுகள். அணை உடைந்து வீடும் வயலும் உயிரும் போனால் அந்த மக்களுக்கு இழப்பீடு தரும் கடமை யாருடையது என்பது பற்றி இச்சட்டம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பொறியாளருக்குச் சிறை உண்டு, பாதிக்கப்பட்டவருக்கு உரிமை இல்லை என்பதே இதன் நிகரப் பொருள்.

முல்லைப் பெரியாறு: அச்சமும் அறிவியலும்

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாயிற்று. பென்னிகுவிக் தலைமையில் எழுந்த அணை 1895இல் பயன்பாட்டுக்கு வந்தது. இருபுறமும் கருங்கல் கட்டுமானம், நடுவே சுண்ணாம்பு–சுர்க்கிக் கலவை. நீரின் அழுத்தத்தைத் தன் எடையாலேயே எதிர்த்து நிற்கும் ஈர்ப்பு அணை அது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் வாழ்வு அதன் நீரில் நிற்கிறது.

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தின் மோர்வியில் மச்சு–2 அணை உடைந்தது. வடிவமைப்பில் கணக்கிட்டதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது. உபரிநீரை வெளியேற்றும் திறன் போதவில்லை. பல்லாயிரம் குடும்பங்கள் சீரழிந்தன. அதை விசாரிக்க அமைந்த ஆணையம் அறிக்கை தராமலேயே கலைக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில்தான் முல்லைப் பெரியாறு குறித்த அச்சம் கேரளத்தில் பரவியது. மத்திய நீர் ஆணையத்தின் ஆலோசனைப்படி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் மூன்று கட்டங்களில் அணையை வலுப்படுத்தினர். அணையின் தலைமீது சுமார் 12,000 டன் எடையுள்ள கான்கிரீட் மூடி போடப்பட்டது. அணையின் உடலைத் துளைத்து அடிப்பாறையுடன் பிணைக்கும் 95 எஃகுக் கம்பிவட நங்கூரங்கள் இறக்கப்பட்டன. பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பப்பட்டது. உபரிநீர் வழிகள் பத்திலிருந்து பதின்மூன்றாக உயர்த்தப்பட்டன.

2006 பிப்ரவரி 27 அன்று 142 அடி வரை நீர் தேக்க உச்சநீதிமன்றம் அனுமதித்தது. அதைத் தடுக்கக் கேரளம் இயற்றிய சட்டத் திருத்தத்தை 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு செல்லாதென்று அறிவித்து, மூவர் மேற்பார்வைக் குழுவை அமைத்தது. பேபி அணையை வலுப்படுத்த 15 மரங்களை வெட்டுவதற்கான அனுமதி 2021 நவம்பரில் வழங்கப்பட்டு, சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டதும் நினைவிருக்கும்.

இந்த வழக்குகளின் நீண்ட வரலாற்றில் மறைந்துபோன ஓர் உண்மை உண்டு. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு, வல்லக்கடவுப் பகுதிகளில் வாழ்பவர்களில் கணிசமானோர் தமிழ்பேசும் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களின் உறவினர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அதே அணையின் நீரில் நெல் நடுகின்றனர். ஒரே குடும்பத்தின் ஒரு கிளை உயிருக்கு அஞ்சுகிறது, மறுகிளை பயிருக்கு அஞ்சுகிறது. இரண்டு மாநிலங்களின் முதலாளித்துவக் கட்சிகளும் ஊடகங்களும் இந்த இரண்டு அச்சங்களை மோதவிட்டு வாக்குகளாக அறுவடை செய்கின்றன. நீருரிமையும் உயிருரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வல்லுநர் குழுவின் மதிப்பீடு குறித்த காலத்தில் நடந்து, அதன் முடிவு தமிழிலும் மலையாளத்திலும் முழுமையாக வெளியிடப்பட்டால் வதந்திக்கு இடமிராது. பாதுகாப்பு ஆய்வுக்கும் வலுப்படுத்தும் பணிக்கும் இடையூறு செய்வது கேரள மக்களுக்கு இழைக்கும் தீங்கு. ஆய்வையே தமிழ்நாட்டுக்கு எதிரான சதியாகக் காண்பது தமிழ்நாட்டு விவசாயிக்கு இழைக்கும் தீங்கு.

மலையை வெட்டும் ஒப்பந்தம்

அணையிலிருந்து சாலைக்கு வருவோம். கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில் மூணாறு முதல் போடிமெட்டு வரை சுமார் 42 கிலோமீட்டர் அகலப்படுத்தப்பட்டது. தேவிகுளம் அருகே கேப் ரோடு பகுதியில் பாறை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2019, 2020 ஆண்டுகளில் அங்கே மலை மீண்டும் மீண்டும் சரிந்தது. பணியில் இருந்த தொழிலாளர்கள் பலியாயினர். கீழேயிருந்த விளைநிலங்கள் பாறைக்குவியலில் புதைந்தன. 2025 அக்டோபர் 25 இரவு, அதே நெடுஞ்சாலையில் அடிமாலி அருகே கூம்பன்பாறையில், லட்சம்வீடு குடியிருப்பின் மீது மண் சரிந்து ஒருவர் உயிரிழந்தார். சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டியதே காரணம் என்று அப்பகுதி மக்கள் குற்றஞ்சாட்டினர்.

மலைச்சாலையின் பொறியியல் புரியாத புதிரல்ல. சரிவைச் செங்குத்தாக வெட்டினால் மேலுள்ள மண்ணைத் தாங்கிநின்ற அடி போய்விடுகிறது. படிப்படியாக வெட்ட வேண்டும். மழைநீர் மண்ணுக்குள் தேங்காமல் வடிகால் அமைக்க வேண்டும். வெடியின் அதிர்வு பாறையின் பிளவுகளை விரிக்காமல் அளவோடு கையாள வேண்டும். தாங்குசுவரில் நீர் கசியும் துளைகள் இருக்க வேண்டும். இவற்றை அறியாத பொறியாளர் இல்லை. இவற்றுக்கு நேரமும் பணமும் நிலமும் வேண்டும். ஒப்பந்தம் தர மறுப்பது இம்மூன்றையும்தான்.

இன்றைய பெரிய சாலைப் பணிகளில் வடிவமைப்பு, கொள்முதல், கட்டுமானம் மூன்றும் சேர்த்து ஒரே தொகைக்கு ஒரே நிறுவனத்திடம் விடப்படுகின்றன. மண்ணாய்வில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ரூபாயும் அந்த நிறுவனத்தின் லாபம். மேற்பார்வைப் பொறியாளரும் அரசு ஊழியர் அல்லர். குறைந்த கட்டணம் கேட்டுப் பணி பெற்ற தனியார் ஆலோசனை நிறுவனத்தின் ஊழியர். முதன்மை ஒப்பந்ததாரர் பணியைத் துண்டுபோட்டு உள்ளூர்ச் சிறு ஒப்பந்ததாரர்களுக்கு விடுகிறார். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு கழிகிறது. கடைசியில் மண் வெட்டும் சிறு ஒப்பந்ததாரரின் கையில் விதிப்படி வேலை செய்யப் பணம் மிஞ்சுவதில்லை. விபத்து நேர்ந்தால் முதலில் கைதாகிறவரும் அவரே, அல்லது இயந்திர ஓட்டுநர். அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்குப் பழைய சட்டத்தில் இருந்த இரண்டாண்டு தண்டனையைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு ஐந்தாண்டாக உயர்த்தியுள்ளது. தண்டனை உயர்ந்தது; அது யார் மீது பாயும் என்பது மாறவில்லை.

சுற்றுச்சூழல் சட்டத்திலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2013இல் செய்த திருத்தத்தின்படி, 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கே முன் அனுமதி தேவை. 42 கிலோமீட்டர் சாலை இந்த வரம்புக்குள் வராது. இமயமலையில் சார்தாம் சாலைத் திட்டம் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டதும் இந்த வாசல் வழியேதான். மலை கிலோமீட்டர் கணக்குப் பார்த்துச் சரிவதில்லை.

பெட்டிமுடியும் இரண்டு சொற்களும்

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மீது மலை இறங்கியது. 66 உடல்கள் மீட்கப்பட்டன. நால்வர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழர்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 16ஏ பிரிவு ஒன்று இருந்தது. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் வீடு இடிந்தது முற்றிலும் குடியிருந்தவரின் தவறாலோ, ‘இயற்கைப் பேரிடராலோ’ என்றால் அந்தக் கடமை இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 75ஆம் பிரிவிலும் இதே விலக்கு அப்படியே இடம்பெற்றுள்ளது.

‘இயற்கைப் பேரிடர்’ என்ற இரண்டு சொற்களில் முதலாளியின் பொறுப்பு முழுவதும் கரைந்துபோகிறது. மழை இயற்கையானது. ஆனால் செங்குத்து மலையின் அடிவாரத்தில், ஓடையின் வழியில், வரிசை வீடுகளைக் கட்டியது இயற்கை அன்று. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருக்க வைத்தவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற நாளில் வீட்டைவிட்டு வெளியேற வேண்டிய தொழிலாளிக்கு வேறு நிலமில்லை என்பதே அவரை அந்த ஓடைக்கரையில் கட்டிப்போட்ட கயிறு.

நீதிமன்றங்களின் பாதை

பொறுப்பைப் பற்றிய சட்ட வரலாறு ஒரு நீர்த்தேக்கத்தில்தான் தொடங்குகிறது. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளி பொறியாளரையும் ஒப்பந்ததாரர்களையும் அமர்த்தி நீர்த்தேக்கம் கட்டினார். அடியில் இருந்த பழைய சுரங்கக் குழிகளை அவர்கள் சரியாக அடைக்கவில்லை. நீர் உடைத்துக்கொண்டு அண்டை நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ‘ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர்’ என்ற அந்த வழக்கில் 1868இல் வந்த தீர்ப்பு, ஒப்பந்ததாரர் தவறு செய்தார் என்று கூறி உரிமையாளர் தப்பிக்க முடியாது என்றது. ஆனால் ‘கடவுளின் செயல்’ என்ற விலக்கு தொடர்ந்தது.

1986 டிசம்பரில் தில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், நீதிபதி பகவதி தலைமையிலான இந்திய உச்சநீதிமன்ற அமர்வு அதையும் தாண்டியது. போபாலின் பிணங்கள் கண்முன்னே இருந்த காலம் அது. அபாயகரமான தொழில் நடத்தும் நிறுவனத்தின் பொறுப்பு முழுமையானது, அதற்கு எந்த விலக்கும் இல்லை என்று அது தீர்ப்பளித்தது. அந்தக் கோட்பாடு அணைக்கும், மலையை வெடிவைத்துப் பிளக்கும் சாலைக்கும், சரிவில் கட்டிய லயத்துக்கும் பொருந்த வேண்டும். அதைச் சட்டமாக்குவதற்குத் தேவை அரசியல் போராட்டம்.

மோர்வி அந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் கற்பித்தது. 2022 அக்டோபர் 30 அன்று அதே ஊரில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தனர். பாலத்தைப் பராமரித்து நடத்தும் ஒப்பந்தம் கடிகாரம் தயாரிக்கும் ஒரு குழுமத்திடம் இருந்தது. வடத்தின் 49 கம்பிகளில் 22 முன்னரே துருப்பிடித்திருந்தன என்று சிறப்பு விசாரணைக் குழு கண்டறிந்தது. அங்கே மழையும் இல்லை, வெள்ளமும் இல்லை.

தொழிலாளர் பாதுகாப்பும் தொகுப்புச் சட்டங்களும்

கட்டுமானத்தின் உறுதி அதைக் கட்டும் தொழிலாளியின் பாதுகாப்பிலிருந்து பிரிக்க முடியாதது. தொழிலாளியை மண்சரிவுக்கு அடியில் நிறுத்தத் தயங்காத ஒப்பந்ததாரர், கான்கிரீட்டில் சிமெண்டைக் குறைக்கவும் தயங்கமாட்டார். போராடிப் பெற்ற 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம் ஆகியவற்றைத் தொகுப்புச் சட்டங்கள் விழுங்கிவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேருக்குப் பொருந்தியது. இப்போது வரம்பு 50. புலம்பெயர்ந்தோர் சட்டம் ஐவருக்குப் பொருந்தியது. இப்போது பத்துப்பேர் வேண்டும். ஆய்வாளர் ‘ஆய்வாளரும் உதவுபவரும்’ ஆகிவிட்டார். மலைச்சாலைப் பணியில் துண்டு ஒப்பந்தங்களின் கீழ் இருபது முப்பது பேராகப் பிரிந்து நிற்கும் ஜார்க்கண்ட், வங்கத் தொழிலாளர்கள் இந்த வரம்புகளுக்கு வெளியே தள்ளப்படுகின்றனர்.

கட்சியின் முன்னுள்ள பணிகள்

முதலாவதாக, அணைப் பாதுகாப்பு மதிப்பீடுகள், மதகுகளின் ஆய்வுக் குறிப்புகள், அவசரகாலச் செயல்திட்டங்கள் ஆகியவற்றை மக்களின் மொழியில் வெளியிடுமாறு கோர வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தை உள்ளூர்க் குழுக்கள் பயன்படுத்தலாம்.

இரண்டாவதாக, அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீட்டுக் கடமையைச் சேர்க்கவும், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 75ஆம் பிரிவிலுள்ள ‘இயற்கைப் பேரிடர்’ விலக்கை நீக்கவும் இயக்கம் நடத்த வேண்டும்.

மூன்றாவதாக, மலைப்பகுதிச் சாலைகளுக்கு நீளம் எதுவாயினும் மண்ணியல் ஆய்வும் சுற்றுச்சூழல் மதிப்பீடும் கட்டாயமாக வேண்டும். மேற்பார்வை அரசுப் பொறியாளரிடமே திரும்ப வேண்டும்.

நான்காவதாக, பொறியாளர்களை எதிரிகளாகப் பார்க்கும் போக்கு கைவிடப்பட வேண்டும். ‘இந்தச் சரிவு நிற்காது’ என்று கோப்பில் எழுதும் இளநிலைப் பொறியாளருக்கு இடமாற்றமே பரிசாகக் கிடைக்கும் நிலையில், அவருக்குத் துணைநிற்பது தொழிற்சங்கத்தின் வேலை. உள்ளாட்சிப் பணி எடுக்கும் சிறு ஒப்பந்ததாரரும் பெருநிறுவனத்தால் நசுக்கப்படுபவரே. விதிமீறலை மறைப்பதில் அவர்களுடன் சமரசம் இல்லை. நியாயமான விலை, உரிய காலத்தில் பணம் என்ற கோரிக்கைகளில் ஒற்றுமை உண்டு.

ஐந்தாவதாக, லயங்களில் வாழும் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் சொந்த நிலமும் வீடும் வேண்டும்.

இவை அனைத்தையும் தமிழ்நாட்டுக் கட்சி ஊழியர்கள் தனியாகவும் கேரளத் தோழர்கள் தனியாகவும் சாதிக்க இயலாது. பொள்ளாச்சியும் சித்தூரும், கம்பமும் குமுளியும், போடியும் பூப்பாறையும் ஒரே உழைக்கும் மக்களின் ஊர்கள். எல்லையின் இருபுறத்திலும் உள்ள விவசாயிகள், தோட்டத் தொழிலாளர்கள், கட்டுமானத் தொழிலாளர்களின் அமைப்புகள் ஒரே கோரிக்கைப் பட்டியலுடன் ஒரே மேடையில் நிற்கும் நாளில், அச்சத்தை விற்போரின் கடை மூடப்படும். அந்த மேடையை அமைப்பதே இருபுறக் குழுக்களின் உடனடிப் பணி.